அடைகாத்தல்

ஆலங்குளத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் கோழியை அடைவைத்தல் நெடுநாட் பழக்கமாகும். பெட்டியில் உமியோ மணலோ பரப்பி, முட்டைகளை வைத்து, அடைக்கோழியை அவற்றின்மேல் அமர்த்துவர். 21 நாளும் அதனைக் கலையாது காப்பர். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்பது பழமொழி. தாயின் கால் பட்டால் கேடில்லை. மனிதர் கை பட்டால் யாதாகும்? இவ்வினாவிற்கு விடையை, இந்நாளில் வீடுகளில் வளர்க்கப்பெறும் காக்கட்டீல் என்னும் சிறு கிளியிடம் காணலாம்.

காக்கட்டீல், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளிகளுக்கு உரிய பறவை, தலையில் கொண்டையுடையது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூட்டில் அடைத்தலை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆதலின் கிளி வளர்க்க விழைவோர் பலர் இவ்வயல்நாட்டுப் பறவையை நாடுகின்றனர்.

இக்கிளி தன் தாயகத்தில் மரப்பொந்தில் முட்டையிடும். வீட்டில் வளர்ப்போர், பொந்திற்கு ஈடாக ஏறத்தாழ ஓரடிச் சதுரமுள்ள மரப்பெட்டியைக் கூண்டில் பொருத்தி, அதனுள் மரச்சீவலைப் பரப்புவர். முட்டை ஓடு சுண்ணச் சத்தால் ஆயது. அச்சத்துக் குறையின் ஓடு மெலியும். முட்டை உள்ளேயே தங்கித் தாய் இறத்தலும் உண்டு. ஆகவே, கணவாய் மீனின் ஓடாகிய கடல்நுரையைப் பறவை கொறிக்குமாறு கூண்டில் கட்டிவைத்தல் வேண்டும்.

பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இடும். கோழியினத்தில் சேவல் அடைகாப்பதில்லை. இவ்வினத்திலோ ஆணும் அக்கடமையை ஏற்கும். பெரும்பாலும் பகலில் ஆணும் இரவில் பெண்ணும் அமரும். 18 முதல் 21 நாளில் குஞ்சு வெளிவரும். முட்டைகள் வெவ்வேறு நாளில் இடப்பட்டமையால், குஞ்சுகளும் வெவ்வேறு நாளில் பொரித்தல் கூடும். முதற்குஞ்சு வந்தவுடன் எஞ்சிய முட்டைகளைப் பழுதென்று எறிதல் பெருந்தவறு.

முட்டை ஓடு கல்லன்று. அதில் எண்ணிறந்த நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே காற்று உட்செல்லும்; நீராவி வெளியேறும். ஆனி, ஆடித் திங்களில் குற்றாலத்தில் சாரல் பொழியும்போது, கிழக்கே உள்ள ஆலங்குளத்தில் பெரும்பாலும் காற்றே மிகுந்து வீசும். வறண்ட காற்றில் முட்டையின் ஈரம் அளவிற்கு மேல் குறையும். உட்சவ்வு உலர்ந்து குஞ்சைப் பிணித்துவிடும். இதனைத் தவிர்க்கக் காற்று நேரே தாக்காத இடத்தில் கூண்டை வைத்து, பறவை குளிப்பதற்கு அகன்ற தட்டில் நீர் வைப்பர். குளித்த பறவையின் ஈர இறகு முட்டைக்குத் தேவையான ஈரத்தைத் தரும்.

முட்டையில் கரு உளதா என அறிய விரும்புவோர், ஒரு வாரம் கழித்து, பெற்றோர் வெளிவந்த வேளையில் சிறு விளக்கொளியில் பார்ப்பர். செந்நிறக் குருதி நாளங்கள் கிளைத்துத் தோன்றின் உயிர் உண்டு. ஒருமுறை பார்த்தல் அமையும். பலகால் தொட்டால் பெற்றோர் அஞ்சி முட்டைகளைக் கைவிடுதல் கூடும்.

இறுதிக் கட்டமே இடர் மிக்கது. குஞ்சு தன் அலகின் நுனியிலுள்ள சிறு பல் போன்ற முளையால் ஓட்டைக் குத்தும். ஒரு சிறு வெடிப்புத் தோன்றும். பின்னர் ஒருநாளோ அதற்கு மேலோ வேறொன்றும் நிகழாதது போலிருக்கும். அவ்வேளையில் இரக்கமுற்று ஓட்டை உடைத்து உதவுவார் உளர். குஞ்சு வாளா இருப்பதாகத் தோன்றினும் அது வாளா இருப்பதன்று. எஞ்சிய மஞ்சட்கரு அதன் வயிற்றினுள் செல்கின்றது. ஓட்டைச் சார்ந்த நாளங்களின் குருதி அதன் உடலுக்குத் திரும்புகின்றது. அது முடியுமுன் ஓட்டை உடைப்பின் குருதி கசிந்து குஞ்சு மடியும். கொல்ல எண்ணாத கையே கொன்றதாகும்.

வீட்டுப் பறவைக்குரிய இந்நெறி வெளிப்பறவைக்கும் பொருந்தும். சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில், 2020ஆம் ஆண்டில், தெருவிளக்குகளின் மின்விசைப் பெட்டிக்குள் சிறு பறவை ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. விசையைத் தொட்டால் அது அஞ்சி நீங்கும் என உணர்ந்த ஊரார், ஒரு மாதத்திற்கு மேல் விளக்கேற்றாது இருளில் நடந்தனர். அவர்கள் கூட்டிற்குச் செய்த உதவி அதனைத் தொடாமையே.

வேண்டுவன அமைத்துக் கொடுத்தல் அன்பின் ஒரு பாதி. உரிய காலம் வரை விலகி நிற்றல் அதன் மறுபாதி. இரண்டும் கூடிய இடத்தில் குஞ்சு தானே ஓட்டை உடைத்து வெளிவரும்.