தேதி குறிப்பது யார்?



எதிரணி நண்பர் கேட்டார்: "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சட்டமன்றம் கூடித்தானே ஆகணும்? அப்புறம் காலண்டரை எதுக்கு மாத்தணும்?" ஐயா, 174-வது பிரிவை நானும் படித்தேன். ஒரு தொடரின் கடைசி நாளுக்கும் அடுத்த தொடரின் முதல் நாளுக்கும் நடுவே ஆறு மாதம் விழக்கூடாது, அவ்வளவுதான். எத்தனை நாள் உட்காரணும்? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கூட்டணும் என்று முதலில் இருந்தது. 1951-ல் முதல் திருத்தத்தோடு அதுவும் போச்சு.

ஹரியானாவைப் பாருங்கள். 2024 மார்ச் 13-ல் சபை கூடியது. செப்டம்பர் 12-க்குள் மறுபடி கூட்டியிருக்கணும். கூட்டவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கெடு முடிகிற அன்றைக்குச் சபையையே கலைத்துவிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்காத பையன் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடின மாதிரி! (சிரிப்பு)

"இதனால எனக்கென்ன தம்பி?" என்று ஓர் அம்மா கேட்கலாம். அம்மா, சபை நடக்காதபோது அரசாங்கம் அவசரச் சட்டம் போடலாம். சபை மறுபடி கூடி ஆறு வாரம் ஆனால் அது தானாகச் செத்துப்போகும். பீகாரில் அதைச் சாகவே விடவில்லை. சபையை முடித்துவைப்பது, அதே சட்டத்தைத் திரும்பப் போடுவது. 1967-லிருந்து 1981 வரை 256 அவசரச் சட்டங்கள்! சிலது 14 வருஷம் உயிரோடு இருந்தது. நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள் ஒருத்தர்கூட அதை விவாதிக்காமலே உங்க மேல சட்டம் பாயுது. வாத்வா என்ற பேராசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். இது அரசியல் சட்டத்தின் மீது செய்த மோசடி என்று 1986 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், நாடாளுமன்றம் கூடுவது பற்றி 1949-ல் பேசும்போது, கூட்டம் அடிக்கடி நடந்து உறுப்பினர்கள் சலித்துப்போவார்களோ என்றுதான் அம்பேத்கர் கவலைப்பட்டார்!

70 பேருக்குக் குறைவான சபை 50 நாள், மற்றவை 90 நாள் கூடணும் என்று அரசியல் சட்ட மறுஆய்வுக் குழு 2002-லேயே சொன்னது. நம்ம சபையில் 234 பேர். அப்போ 90. "திடீர்னு வெள்ளம் வந்தா?" என்கிறார் நண்பர். கூடுதலாகக் கூட்டிக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? செலவுக்குச் சபையின் அனுமதி ஏப்ரல் 1-க்குள் வேணும் என்றால் மட்டும் எந்த அரசாங்கமும் தேதியை மறப்பதில்லையே! அதேபோல ஜூலைக்கு ஒன்று, நவம்பருக்கு ஒன்று என்று ஜனவரியிலேயே அச்சடித்துக் கொடுங்கள். எங்க தெருக் குடிதண்ணீர் பற்றி எந்தத் தேதியில் கேள்வி கேட்கப் போறீங்கன்னு நான் எங்க எம்.எல்.ஏ.விடம் இப்பவே கேட்டு வைக்கணும்.