முதலில் பாய், அப்புறம் டென்ட்

டிசம்பர் பிறந்தால் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்: "அக்கா, நல்ல டென்ட் என்ன விலை ஆகும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "கீழே விரிக்க என்னடா வச்சிருக்க?" பாதிப் பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

வெட்டவெளியில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தரைதான். உடம்புச் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முதுகுக்குக் கீழே நசுங்கிவிடும். உள்ளே காற்று தங்காத பஞ்சு குளிரைத் தடுக்காது. ஆகவே முதல் செலவு ஃபோம் மேட். டெகாத்லான் மாதிரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். காற்றடைக்கும் மெத்தை சொகுசுதான், ஆனால் ஒரு முள் போதும் அதன் கதையை முடிக்க.

மேட்டின் மேல் நான் விரிப்பது கர்நாடகத்து இடையர்களான குருபர்கள் நெய்யும் முரட்டுக் கம்பளி. சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே இதற்குப் பேர்போனது. புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கம்பளி இது. ஈரம் பட்டாலும் ஓரளவு கதகதப்பு இருக்கும். உடம்பில் குத்தும், மேலே பழைய வேட்டி ஒன்றை விரித்தால் தீர்ந்தது.

அடுத்தது ஸ்லீப்பிங் பேக். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் இங்கே 15, 16 டிகிரி சாதாரணம். ஊரில் பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884-இல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையிலேகூட நம் ஊரைவிட மூன்று, நான்கு டிகிரிதான் குறையும். ஆகவே 10 டிகிரிக்கான பேக் தாராளம். இமயமலைக்குச் செய்ததை வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். லேபிளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என இரண்டு எண்கள் இருந்தால் கம்ஃபர்ட்டை மட்டும் நம்புங்கள். லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர்.

டென்ட் கடைசியில். நம் பக்கத்துக் குன்றுகள் கருங்கல் பாறைகள். அடிவாரத்திலும் பல இடங்களில் முளை இறங்காது. வளையும் கம்பிகளால் தானாகவே நிற்கும் டோம் டென்ட்டாகப் பாருங்கள். கயிறுகளைக் கல்லில் கட்டிக்கொள்ளலாம். அடியில் விரிக்கப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் போதும். ஆனால் அது டென்ட்டின் தரையைவிடச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். காலையில் உள்பக்கம் சொட்டுவது ஒழுகல் அல்ல, உங்கள் மூச்சின் ஈரம். வலை ஜன்னலின் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அடுப்பையோ கரித்தணலையோ மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

எங்கே போடுவது? வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றம். ராமநகரா, கனகபுரா, கோலார் பக்கங்களில் தோட்டங்களுக்குள்ளேயே இடம் தருபவர்கள் இருக்கிறார்கள். காவிரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே ஆகிய இடங்களில் அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாம்கள் உண்டு. காசு கூடுதல், பயம் குறைவு. அந்தக் கரையில் யானை நடமாட்டம் உண்டு, ஆற்றில் முதலையும் உண்டு. சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், தண்ணீரோரம் படுக்காதீர்கள். பள்ளத்தையும் தவிர்த்துவிடுங்கள், குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும்.

படுக்கும் முன் வியர்த்த துணியை மாற்றிவிடுங்கள். கால் சில்லிட்டால் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் நுழைத்துக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தால் நடுராத்திரியில் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

முதல் தடவை போகிறவர்கள் டென்ட்டை வாடகைக்கே எடுங்கள், பெங்களூரில் கிடைக்கிறது. மேட்டை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர்தான் மறுபடியும் போவார்; டென்ட் வாங்குவதை அப்போது யோசித்துக்கொள்ளலாம்.