கைதட்டிச் சொன்ன பாட்டு



சில மாதங்களுக்கு முன் ஈப்போவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளி விட்டு வந்த பேத்தி ஏதோ ராப் பாட்டை உரக்க வைத்தாள். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய பாட்டி சற்று நேரம் கேட்டுவிட்டு, "என்னம்மா இது, பாடுறாங்களா, சண்டை போடுறாங்களா?" என்றார். வீடே சிரித்தது. ஆனால் பாட்டி கேட்டது நல்ல கேள்வி.

ராப் என்பது இராகம் இழுத்துப் பாடுவதன்று, தாளத்துக்குள் பேசுவது. நான்கு எண்ணிக்கையில் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்துக்குள் சொற்களை நெருக்கியும் தளர்த்தியும் அடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அடிகளின் கடைசிச் சொற்கள் ஒத்து ஒலிக்கும். அதை நாம் இயைபு என்போம். நம் பாட்டில் எதுகையும் மோனையும் முன்னால் நிற்கும். மற்றபடி கணக்கு ஒன்றுதான். கும்மியில் கைதட்டு விழும் இடத்தில் சொல் விழாவிட்டால் வட்டமே குலைந்துபோகும் அல்லவா?

இக்கலை நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில், ஏழைக் கறுப்பின மக்களிடையே வளர்ந்தது. 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், சிண்டி கேம்பல் என்ற பெண் பள்ளித் துணிமணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு விருந்து நடத்தினாள். இசைத்தட்டுச் சுழற்றியவர் அவள் அண்ணன், கூல் ஹெர்க். அந்த இரவையே பலர் இக்கலையின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். அண்ணன் பெயர் உலகெங்கும் பரவியது. விருந்துக்கு ஏற்பாடு செய்த தங்கையின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை.

இனி அமெரிக்காவின் தெற்கே, தென் கரோலினா மாநிலத்துக்கு வாருங்கள். ஒரு காலத்தில் நெல்லும் அவுரியும் பருத்தியும் அடிமைகளின் உழைப்பால் விளைந்த மண் அது. பிரட்டுக்களமும் லயமும் அறிந்த நமக்குத் தோட்ட வாழ்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோருக்குக் கிடைத்த சொற்பக் கூலிகூட அந்த அடிமைகளுக்குக் கிடையாது.

அம்மாநிலத்தின் தலைநகரான கொலம்பியாவில் மூன்று கறுப்பினத் தோழிகள் இருந்தார்கள்: செரில் குக், குவெண்டலின் சிசம், ஆஞ்சி. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் கைதட்டிக் கோஷமிட்டு அணிக்கு உற்சாகமூட்டுவது அவர்கள் வழக்கம். தாளத்தில் சொல் அடுக்கும் பயிற்சியை அங்கேதான் பெற்றார்கள். 1979இல், அப்போது புகழ்பெற்றிருந்த 'சுகர்ஹில் கேங்' என்ற ஆண்கள் குழு அவ்வூரில் நிகழ்ச்சி நடத்த வந்தது. மூவரும் எப்படியோ மேடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன் அம்மையார் முன் தங்கள் பாட்டைச் சொல்லிக் காட்டினார்கள். அந்த அம்மையாரும் பாடகிதான். கேட்டதும் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டார்.

'சீக்குவென்ஸ்' என்பது குழுவின் பெயர். அதே ஆண்டு 'ஃபங்க் யூ அப்' என்ற தட்டு வெளிவந்தது. பெண்கள் மட்டுமே சேர்ந்த குழு வெளியிட்ட முதல் ராப் தட்டுகளுள் அது ஒன்று. அமெரிக்கக் கறுப்பின இசைப் பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது. மூன்று நீள்தட்டுகள் வந்தன. பிறகு 1980களின் நடுவில் குழு கலைந்தது.

பாட்டு மட்டும் கலையவில்லை. 1995இல் டாக்டர் டிரே என்ற புகழ்பெற்ற ராப்பர் தம் பாட்டொன்றின் பல்லவியை அதிலிருந்து அமைத்தார். அந்தப் பல்லவியை முணுமுணுத்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்த மூன்று பெண்களின் பெயர் தெரிந்திருக்கும்? மூவரில் ஆஞ்சி, ஆஞ்சி ஸ்டோன் என்ற பெயரில் தனிப் பாடகியாகப் புகழ்பெற்றார். 2025 மார்ச் 1ஆம் நாள் சாலை விபத்தில் மறைந்தார்.

நம் தமிழிலும் ராப் வேரூன்றிவிட்டது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வந்தது. 2010இல் 'எந்திரன்' படப் பாட்டொன்றில் கேஷ், கிரிஸ்ஸி என்ற இரு பெண்களின் ராப் ஒலித்தது.

ஆனால் பேராவின் தோட்டங்களில் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் கட்டிய பெண்களின் பெயர்கள் எந்தத் தட்டிலும் இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிந்து, அந்தக் குரல்கள் அடுக்குமாடி வீடுகளுக்குள் சிதறிவிட்டன.

அன்று பேத்தி பாட்டை நிறுத்திவிட்டு, "நீங்க ஒண்ணு பாடுங்க பாட்டி" என்றாள். பாட்டி வெட்கப்பட்டார். பிறகு கைதட்டி நான்கு அடி சொன்னார். பேத்தி அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டாள்.

"இது யார் கட்டுனது பாட்டி?"

"எங்க அம்மா."

"அவங்க பேர் என்ன?"

பாட்டி சொன்னார். பேத்தி அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி, பதிவுக்கு மேலே எழுதினாள்.