பள்ளியில் மண்ணில்லாத் தோட்டம்: இடத்தை எப்படி அமைப்பது?

மண் இல்லாமல், சத்துகள் கரைந்த நீரிலேயே பயிர் வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். பல நாடுகளில் பள்ளிகள் இதைப் பாடமாகவே நடத்துகின்றன. ஆனால் தொட்டிகளை வாங்கி ஒரு மூலையில் வைத்துவிட்டால் அது வகுப்பறை ஆகிவிடாது.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உள்ள பி.எஸ். 333 அரசுப் பள்ளியைப் பாருங்கள். ஹட்சன் ஆற்றில் மிதந்த 'சயின்ஸ் பார்ஜ்' என்ற தோட்டத்தைக் கண்ட பெற்றோர் இருவர், இதுபோல் பள்ளியிலும் வேண்டும் என்று முயன்றனர். 2010-ல் அப்பள்ளியின் மாடியில் கண்ணாடிக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அது விற்பனைக்கான பண்ணை அல்ல, பிள்ளைகளின் அறிவியல் ஆய்வுக்கூடம்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே இடத்தைத் திட்டமிட வேண்டும். பண்ணையில் செடிகளை நெருக்கி நிரப்பலாம். வகுப்பறையிலோ பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கவும், அளக்கவும், எழுதவும் இடம் விட வேண்டும். மேசை உயரம் சிறு பிள்ளைக்கும் எட்ட வேண்டும். சக்கர நாற்காலி செல்லும் அளவுக்கு வழி அகலமாக இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

எடை: ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 1,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன். மொட்டை மாடியில் வைக்கும் முன் கட்டடப் பொறியாளரிடம் கேட்பது அவசியம்.

மின்சாரம்: பிளக் பாயிண்டுகள் நீர்மட்டத்துக்கு மேலே, தெறிக்காத தூரத்தில் இருக்க வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம். தரை வழுக்கக் கூடாது, நீர் வடிய வேண்டும்.

பூட்டும் அலமாரி: உரக் கரைசலும், அமிலத்தன்மையைச் சரிசெய்யும் திரவங்களும் ஆசிரியர் பொறுப்பில் இருக்கட்டும்.

தொட்டி: வெளிச்சம் புகாத தொட்டியில் பாசி பிடிக்காது. மெல்லிய குழாய்களில் நீர் ஓடும் முறையில் பம்பு நின்றால் சில மணி நேரத்திலேயே வேர்கள் காயத் தொடங்கும். ஆழமான தொட்டி விடுமுறை நாட்களிலும் தாங்கும்.

முக்கியமாக, ஒன்றுக்கு இரண்டு தொட்டிகள் தேவை. ஒன்றில் நீரின் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். மற்றதில் அதை மாற்றிப் பார்க்கட்டும். இலை ஏன் மஞ்சளானது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்போதுதான் பாடம் மனத்தில் பதியும். வாடிய செடியும் அங்கே ஒரு பாடம்தான்.

மாடியோ பெரும் செலவோ இல்லையென்றால்? வெயில் விழும் ஜன்னலோரத்தில், காகிதம் சுற்றிய பாட்டில்களில் கீரை வளர்க்கலாம். பம்பும் மின்சாரமும் தேவையில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பார்ப்போமே!