ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை: சம்பளமா, சேவையா?

பட்டம் முடித்த பிள்ளைக்கு அரசின் "தன்னார்வலர்" பணி கிடைத்திருக்கிறது என்றால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். தொகையைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறார்கள். வேறு சில பெற்றோர், அரசாங்க வேலையே கிடைத்துவிட்டதாக நம்பி உறவினர்களுக்கு இனிப்புக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு தரப்புமே ஏமாறுகிறது.

கொல்லிமலையில் உள்ள செம்மேட்டை எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே போக வேண்டும். மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. கீழிருந்து வந்து போகும் ஆசிரியர் மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அவர் போன பிறகு பிள்ளைக்குக் கணக்கில் ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கும்? படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான்.

இந்த அக்காக்களை நம்பித்தான் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. கொரோனா காலத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்பது நோக்கம். பிளஸ் டூ முடித்தவர் 5ஆம் வகுப்பு வரையிலும், பட்டதாரி 6 முதல் 8 வரையிலும் கற்பிக்கலாம். மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் வகுப்பு. ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய். பெருமளவில் முன்வந்தவர்கள் பெண்கள். பின்னர் மையங்கள் குறைக்கப்பட்டபோது, நிரந்தர வேலை எதிர்பார்த்தவர்களுக்கு வருத்தம்தான் மிஞ்சியது.

மத்திய அரசிலும் இப்படி ஒன்று உண்டு. நேரு யுவகேந்திரா மூலம் தேசிய இளைஞர் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 18 முதல் 29 வரை, குறைந்தது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். இது வேலைவாய்ப்பு அல்ல, நிரந்தரப் பணி கோரும் உரிமையும் தராது என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

மதரஸாவில் ஓதிய நமக்குக் கித்மத் என்ற சொல் புதிதல்ல. கித்மத் என்ற பெயரைச் சொல்லியே குறைவாகக் கொடுக்கும் பழக்கமும் புதிதல்ல. ஒரு மாதம் முழுக்க மாலை நேரத்தை வாங்கிக்கொண்டு 1,000 ரூபாய் கொடுப்பது குறைவுதான் என்பதே நம் கருத்து. அமெரிக்காவில் 1933இல் வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்ப்புக்கு அனுப்பியபோது, மாதம் 30 டாலர் கொடுத்து அதில் 25 டாலரை நேரே அவர்கள் குடும்பத்துக்கு அனுப்பினார்கள். உணவும் தங்குமிடமும் தனி. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அந்தத் திட்டம் மறக்கவில்லை.

அதற்காக வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. விசா வரும் வரை வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்டுகளும், இருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன இரண்டு ஆண்டுகளும் ஒன்றாகுமா? பின்னாளில் பி.எட். படிக்க நினைக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல முன்னோட்டம் வேறு ஏது? ஆனால் மாலை வகுப்புக்குப் போகிறவர், பகலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கவோ ஒரு தொழில் பழகவோ வீட்டார் இடம் கொடுக்க வேண்டும். பகல் முழுக்கச் சமையலறையில் நிறுத்திவிட்டால் இரண்டும் போய்விடும்.

ஒரு விஷயத்தில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். தொண்டராகச் சேர்ந்துவிட்டோமே என்று வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மறந்துவிடாதீர்கள். அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும். பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் கடந்தும் வேலை கிடைக்காத, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் தமிழக அரசின் உதவித்தொகை உண்டு. அதைக் கேட்பதற்கும் அந்தப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும்.