பின்தொடர்வோர் எத்தனை பேர்?

புதுக்கடையிலே எமது அயல் வீட்டுச் சிறுவன் எட்டாம் வகுப்பு மாணவன். சென்ற மழைக்காலத்தில் அவனுக்குக் கடுங் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் காய்ச்சல் தணியவே, பப்பாசி இலைச் சாற்றின் மகிமை அதுவென அவன் தாயார் மகிழ்ந்தார். அச்சாற்றை விதந்துரைத்தவர், கைத்தொலைபேசித் திரையில் நாள்தோறும் தோன்றும் வைத்தியர் ஒருவர். இரத்தப் பரிசோதனை செய்விக்குமாறு நான் வற்புறுத்தியபோது அம்மையார் கேட்டார்:

"அவரைப் பின்தொடருறவை ஐந்து இலட்சம் பேர், சேர். அவர் பிழையாய்ச் சொல்லுவாரோ?"

அன்றிரவே சிறுவனை வைத்தியசாலையிற் சேர்க்க நேர்ந்தது. டெங்கு நோயில் உடற்சூடு இறங்கும் வேளையே சிலருக்கு அபாயம் தொடங்கும் வேளையுமாகும். இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களினின்றும் கசிந்து வெளியேற, நாடி தளர்ந்து கைகால் குளிர்ந்துவிடும். 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளரெனப் பதிவாயினர். எனவே அம்மையாரின் கேள்வி ஒரு வீட்டாரின் கேள்வியன்று.

அக்கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்த அறிஞர் ஒருவர் உளர். பிரித்தானிய உயிரியலாளர் நீல் ஹோல், 2014 இல் ஒரு சூத்திரம் வகுத்தார். ஒருவருடைய ஆய்வுகளைப் பிற அறிஞர் எத்தனை முறை மேற்கோள் காட்டினரோ, அதற்கு ஏற்ப டுவிட்டர் தளத்தில் அவரைப் பின்தொடர்வோர் எத்தனை பேர் இருத்தல் கூடுமெனக் கணித்து, உண்மைத் தொகையை அதனால் வகுத்தார். ஈவு 5 ஐ விஞ்சின், புகழ் புலமையை விஞ்சியதாகக் கொள்க என்றார். ஆய்வு எதுவுமின்றிப் புகழ் பெற்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரம் கிம் கர்தாஷியனின் பெயரையே அவ்வெண்ணுக்குச் சூட்டினார். பாதி வேடிக்கைதான், ஆயினும் இதய நோய் வைத்தியர்களையும் பின்னர் அவ்வளவுகோலால் அளந்தனர்.

எனக்கு அவ்வளவுகோலிலும் முழு நம்பிக்கை இல்லை. மேற்கோள் என்பதும் அறிஞர் அறிஞர்க்குத் தட்டும் கைதானே!

1971 இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த அகதிகளிடையே, எல்லையோரப் பொங்காவில் வாந்திபேதி பரவிற்று. அங்கு பணியாற்றிய இளம் வைத்தியர் திலீப் மகலனாபிசு. நாளத்திலே செலுத்தும் உப்பு நீர் போதவில்லை, தரையெங்கும் நோயாளர். டாக்காவிலும் கல்கத்தாவிலும் பிறர் அளவாகச் சோதித்திருந்த முறையொன்றைத் துணிந்து கையாண்டார். குளுக்கோசு, கறியுப்பு, சோடா உப்பு ஆகியவற்றை நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளரின் உறவினரே குவளையால் அள்ளி ஊட்டினர். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நாலுக்கும் கீழே இறங்கிற்று. தாதியர் பயிற்சியில்லாத ஒரு தாய் தன் மகவைக் காக்கலாம் என்பதை அங்கேதான் உலகம் கண்டது. 1978 இல் இலண்டன் லான்செட் மருத்துவ இதழ், இந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது அமையலாமென எழுதிற்று. மகலனாபிசு 2022 இல் கல்கத்தாவிற் காலமானார். பத்மவிபூசண் விருது வந்தது அதற்கு அடுத்த ஆண்டிலே. தெருவில் அவரை இனங்கண்டிருப்போர் எத்தனை பேர்?

இதனால், மக்களோடு பேசும் வைத்தியரெல்லாம் வெறும் கூத்தர் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. மானிப்பாயில் மருத்துவம் போதித்த கிறீன் வைத்தியர் புதியது எதையும் கண்டுபிடித்தவரல்லர். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தமையே அவரது பெருந்தொண்டு. நம் காலத்திலே, டெங்கு ஆராய்ச்சியாற் பெயர் பெற்ற ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியை நீலிகா மளவிகே, 2021 இல் கொவிட் வைரசின் திரிபுகளைத் தம் ஆய்வுகூடத்திற் கண்டறிந்து, அச்செய்தியைத் தாமே பொதுமக்களுக்கும் அறிவித்தார். திரையிலே தோன்றுவது குற்றமன்று. சொல்வதனைச் சோதித்தவர் யார், எத்தனை நோயாளரிடம் என்று கேட்டால் விடை கிடைக்கின்றதா என்பதே என் வினா. பின்தொடர்வோர் தொகையில் அதற்கு விடை இல்லை.

மூன்றாம் நாள் சிறுவனைக் காணச் சென்றேன். கட்டிலில் எழுந்து அமர்ந்திருந்தான். தாதி கொடுத்த குவளையிலே ஜீவனிக் கரைசல்; முகத்தைச் சுழித்துக்கொண்டு மிடறு மிடறாகக் குடித்தான். பொங்காவின் பீப்பாய்களிலிருந்து வந்த பானம் அதுவென்று கதையைச் சொன்னேன்.

"அவருக்கு யூரியூப் இருந்ததோ, சேர்?" என்றான்.

தாயார் அவனை அதட்டினார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது.