வந்த வாசல் ஒன்றுதான் வழியா?



1972 நவம்பர் 21. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த ராபின்சன்ஸ் என்ற பெரிய கடையில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் மாண்டனர். அவர்களில் எட்டுப் பேர் லிஃப்டுக்குள் சிக்கியவர்கள். மின்சாரம் நின்றதும் லிஃப்டும் நின்றுவிட்டது.

தீ என்றதும் மனுஷன் தெரிந்த வழியைத்தான் தேடுவான். முன்வாசலில் நுழைந்தவர் முன்வாசலுக்கே முண்டியடிப்பார். பக்கத்தில் வேறு கதவு இருந்தாலும் கண்ணில் படாது. இன்னும் சிலர், "சாமானை எடுத்துக்கிறேன்" என்று நேரத்தைக் கடத்துவார்கள். தீக்கு முந்திப் புகை ஆளைக் கொல்லும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. தலை சுற்றும், புத்தி தடுமாறும், கால் தளரும்.

ஆகவே, தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிராங்கூன் ரோட்டுக்குப் போனாலும் சரி, உறவுக்காரரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாலும் சரி, நுழைந்ததுமே இரண்டாவது வழியைப் பார்த்து வையுங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

தீ என்றால் லிஃப்ட் வேண்டாம், படிதான். புகை சூழ்ந்தால் தவழ்ந்து போங்கள். தரையோரம்தான் நல்ல காற்று இருக்கும். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காதீர்கள். வெளியே வந்ததும் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் எண் 995. எதை மறந்திருந்தாலும் மறுபடி உள்ளே போகாதீர்கள்.

லயத்து வீட்டுக்கும் இதே பேச்சுதான். உங்கள் பின்கதவை விறகும் சாக்குமாய் அடைத்து வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே ஒதுக்கிப் போடுங்கள். பொருள் போனால் சம்பாதிச்சுக்கலாம், உயிர் போனால்?